வேண்டிக்கொண்ட முடி

"மாமா, வேணாம்னு சொன்னா விட்டுடுவாங்களா?"

இனியா இதைக் கேட்டபோது அவளுக்குப் பேச்சே அப்போதுதான் திருந்தி வந்திருந்தது. வைத்தீஸ்வரன்கோயிலில் முடி இறக்கும் மண்டபத்தில், முறைப்படி தாய்மாமன் மாறனின் மடியில் உட்கார்ந்திருந்தாள். நாவிதர் அவள் தலையில் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு குழந்தையைக் கையை ஒருவர், காலை ஒருவர், தலையை ஒருவர் என்று பிடித்துக்கொண்டு மழித்துக்கொண்டிருந்தார்கள். அது மூச்சு நின்றுவிடும்போல் அலறியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மாறன் மட்டும் சிரிக்கவில்லை. "விட்டுடுவாங்கடா தங்கம்" என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"டேய் மாப்ள, நல்ல நேரம் போவுதுடா" என்றான் இனியாவின் அப்பா செல்லக்கண்ணு.

"புள்ள சரின்னு சொல்லட்டும் மாமா. சாமி எங்கயும் ஓடிடாது."

குளத்துப் படிக்கட்டில் குழந்தையோடு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான். வந்தவன் நாவிதர் முன்னால் தானே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "மொதல்ல எனக்கு எடுங்க. புள்ள பாக்கட்டும்." அப்போது அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். நெற்றியில் விழும்படி ஆசையாக வளர்த்த முடி. அது கொத்துக்கொத்தாக ஈரத்தரையில் விழுவதை இனியா வாய்பிளந்து பார்த்தாள். வழுவழுப்பான தலையைத் தடவிப் பார்த்து, "மாமா தேங்கா!" என்று கைகொட்டினாள். அப்புறம் தானாகவே அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, "எனக்கும்" என்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அக்காள் அல்லிக்கு அன்று வேலை ஓயவில்லை. சந்தனம் அரைப்பதும் சாப்பாட்டுக்கு ஆள் சேர்ப்பதுமாக இருந்தவள், தம்பி செய்ததை ஒரு வேடிக்கை என்றுதான் நினைத்தாள். அதற்குள் எவ்வளவு இருந்தது என்பது இத்தனை வருஷம் கழித்துத்தான் அவளுக்குப் புரிய வேண்டியிருந்தது.

அப்பா அம்மா போனபிறகு மாறன் குரும்பகரத்தில் அக்காள் வீட்டிலேயே இருந்தான். துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றும் லாரி ஓட்டினான். ஒரு மழைநாளில் திருப்பத்தில் லாரி சாய்ந்தது. இடுப்பில் அடி. ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மாத்திரையில் வலி குறைந்தது. வலி போனபிறகும் மாத்திரை போகவில்லை. எழுதிக்கொடுக்காமலே அதைக் கொடுப்பவர்கள் இருந்தார்கள். பெண் வீட்டார் மெல்ல விலகிக்கொண்டார்கள். லாரிக்காரர் வேறு ஆள் வைத்துக்கொண்டார். அவன் திருடவுமில்லை, யாரையும் அடிக்கவுமில்லை. வீட்டுக்குள்ளேயே தண்ணீரில் சீனி கரைவதுபோல் கரைந்துகொண்டிருந்தான். ஒருநாள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போன செல்லக்கண்ணு, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் அவன் வாயில் நுரையோடு கிடப்பதைப் பார்த்தான். வரப்பு வழியே அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்று ஈரச்சேற்றோடு வாசலில் உட்கார்ந்து செல்லக்கண்ணு சொன்னது அல்லியின் காதிலேயே நின்றுவிட்டது: "இன்னொரு தடவ அவன அப்படித் தூக்க என்னால முடியாது அல்லி. தோள்ல கெடக்கையில மூச்சு இருக்கா இல்லையான்னு தெரியல."

அன்றைக்கே அல்லி சாமி மாடத்தின் முன் நின்று வைத்தியநாதரை வேண்டிக்கொண்டாள். தம்பி குணமாகிவிட்டால் அவன் தலைமுடியை உனக்கே கொடுத்துவிடுகிறேன் என்று மஞ்சள் துணி எடுத்து வைத்தாள்.

போதை மறுவாழ்வு மையத்தைப் பற்றிச் சொன்னது செல்லக்கண்ணுவின் சிநேகிதர் ஒருவர். பட்டினத்தைத் தாண்டி, மாநில எல்லைச் சாவடிக்கு அந்தப் பக்கம். சாவடிக்கு இந்தப் பக்கம் வரிசையாகப் பிராந்திக் கடைகள், அந்தப் பக்கம் இந்த மையம். போன் செய்த மறுநாள் விடியும்போதே வேனில் ஆட்கள் வந்து, தூங்கிக்கொண்டிருந்த மாறனை அப்படியே தூக்கிப் போனார்கள். பின்னாலேயே பஸ் ஏறிப் போய் அல்லி கையெழுத்துப் போட்டாள். மையத்தை நடத்தும் கார்த்திகேசன் நெற்றி நிறையத் திருநீறும், பேச்சில் பணிவுமாக இருந்தான். மூன்று மாதம் இருக்க வேண்டும் என்றான். முதல் மாதம் யாரும் பார்க்கக் கூடாது, போனும் கிடையாது என்றான்.

"வந்தோடன மொட்டை எடுத்துடுவோம்க்கா. தப்பிச்சு ஓடுனாலும் அடையாளம் தெரியும். பேனும் அண்டாது."

அல்லிக்குச் சிலிர்த்துப்போயிற்று. இவனிடம் அவள் வேண்டுதலைச் சொல்லவே இல்லை. சாமியே இவன் வாயால் கேட்டுவிட்டதாக நினைத்தாள். "அது வேண்டிக்கிட்ட முடிங்க. கூட்டிப் பெருக்கித் தள்ளிடாதீங்க. எங்கிட்ட குடுத்துடுங்க."

கார்த்திகேசன் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயோ, சாமி முடியா! நான் பத்திரமா தர்றேன்க்கா." சொன்னபடியே அடுத்த வாரம் குரும்பகரம் வந்த ஒருவரிடம் சுத்தமான கவரில் போட்டு அனுப்பியிருந்தான். அல்லி அதை மஞ்சள் துணிக்கு மாற்றி முடிந்து, மாடத்தில் திருநீற்றுக் கிண்ணத்தின் அருகில் வைத்தாள். தினமும் விளக்கேற்றும்போது அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தம்பி இன்னும் குணமாகவில்லை, ஆனால் அச்சாரம் கொடுத்தாயிற்று. அதில் ஒரு நிம்மதி இருந்தது.

அல்லி வீட்டிலேயே துணி தைப்பவள். பட்டினத்து ஹஃப்ஸா அவளிடம் வெகுநாளாகத் தைக்கக் கொடுப்பவர். வக்கீல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, இப்போது இலவச சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக இருக்கிறார். கணவன் அடித்த பெண்களோடும், சம்பளம் கிடைக்காத கூலி ஆட்களோடும் கோர்ட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைவது அவர் வேலை. மகள் அஃப்ராவின் சுடிதாரை வாங்கிப்போக வந்தவரிடம், பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டே அல்லி எல்லாவற்றையும் சொன்னாள். மாடத்தில் இருந்த மஞ்சள் முடிச்சையும் காட்டினாள். ஹஃப்ஸா சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"அவன்கிட்ட கேட்டாங்களா அல்லி?"

"எவன்கிட்டக்கா?"

"மாறன்கிட்டதான்."

அல்லிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அவன் நெதானத்துல இருந்தாத்தானக்கா கேக்குறதுக்கு? நான்தானே கையெழுத்துப் போட்டேன்."

"கையெழுத்து ஒன்னோடது. தலை அவனோடதில்லையாம்மா?" ஹஃப்ஸாவின் குரலில் கோபமில்லை. தைத்த துணியின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே சொன்னார். "போதையில கெடக்குறவனுக்கும் சட்டம் இருக்கு அல்லி. கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாதுன்னே அதுல எழுதியிருக்கு. சங்கிலி போடக் கூடாது. சொந்தத் துணி போட்டுக்கலாம். வீட்டோட பேசலாம். அவனுக்கு விருப்பம் இல்லாம வெச்சிருக்கணும்னா டாக்டருங்க தனித்தனியாப் பாத்து எழுதிக் குடுக்கணும், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். வேணாம்னா அவனே மேல மனு போடலாம், அதுக்குன்னு ஒரு வாரியம் இருக்கு. வீட்டாளு கையெழுத்துப் போட்டாங்கன்னு மூணு மாசம் பூட்டி வெக்க முடியாது. அங்க டாக்டர் யாரு?"

அல்லி யோசித்தாள். டாக்டரைப் பார்த்ததாக ஞாபகமே இல்லை. "ஆனா அது நம்ம பக்கம் இல்லியேக்கா. எல்லை தாண்டியில்ல இருக்கு."

"எல்லை ரோட்டுக்குத்தான்மா. அந்தப் பக்கமும் இதே சட்டம்தான். எனக்கு அங்கயும் ஆளுங்க இருக்காங்க."

அன்று செல்லக்கண்ணு வயலிலிருந்து வந்ததும் அல்லி விஷயத்தைச் சொன்னாள். கால் கழுவிக்கொண்டிருந்தவன் சொம்பைக் கீழே வைத்தான்.

"சட்டம் பேசுறவங்க அவனத் தோள்ல தூக்குவாங்களா? உள்ள இருந்தா நம்மளத் திட்டுவான். வெளிய வந்தா செத்துடுவான். திட்டட்டும் அல்லி. திட்டுறதுக்காவது உசுரோட இருக்கட்டும்."

அவன் சொன்னதில் பொய்யில்லை. மாறனிடம் அவனுக்கு இருந்த பாசத்தை அவள் அறிவாள். ஈரச்சேறு படிந்த அந்தச் சட்டையை அவன் இன்னும் உடுத்தவில்லை, துவைத்துக் கொடியில் போட்டது போட்டபடி கிடக்கிறது. ஆனாலும் மறுநாள் விளக்கேற்றும்போது மஞ்சள் முடிச்சைத் தொட அவள் கை தயங்கியது.

முதல் மாதம் முடிந்ததும் பார்க்கப் போனாள். ஹஃப்ஸாவும் கூட வந்தார். மையம் ஒரு காலத்தில் ஐஸ் கம்பெனியாக இருந்த கட்டடம். கதவுக்கு வெளிப்புறம் பூட்டு. உள்ளேயிருந்து பக்திப் பாட்டு கோரஸாகக் கேட்டது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல. பெஞ்சில் காத்திருந்தபோது பச்சை பனியன் போட்ட மொட்டைத்தலைக்காரர்கள் வாளியோடு வரிசையாகப் போனார்கள். மாறன் அல்லியைக் கடந்து போய்விட்டு, நின்று, திரும்பினான். அதுவரை அவளுக்குத் தம்பி அடையாளம் தெரியவில்லை.

எதிரில் வந்து உட்கார்ந்தான். உடம்பு வற்றியிருந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தத் தெளிவைப் பார்க்கிறாள். அதற்காகச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல், "சாப்பிடுறியா?" என்று கேட்டாள்.

"ம்." பனியன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "முடி உன்கிட்ட வந்துச்சாக்கா?"

"சாமிகிட்ட வெச்சிருக்கேன்டா."

"நாலு பேரு புடிச்சானுவ. ஒருத்தன் இடுப்புமேல ஏறி ஒக்காந்தான், அடிபட்ட பக்கமே. வேணாம் வேணாம்னு கத்துனேன். அதுக்கு 'ஒங்கக்காவே சொல்லிட்டாங்க, சாமி முடியாம்'னு சொன்னானுவ." அவன் குரல் உயரவே இல்லை. "அப்பதான் இனியா ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு என் மடியில இருந்துக்கிட்டு ஒண்ணு கேட்டுச்சே. விட்டுடுவாங்கன்னு சொன்னேன்ல. பொய்யாப் போச்சுக்கா. புள்ளகிட்ட பொய் சொல்லிட்டேன்."

அல்லி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியது.

"டாக்டர் வர்றாங்களாப்பா?" என்று கேட்டார் ஹஃப்ஸா.

"இல்லீங்க. மாத்திரை இல்லாம ஒடம்பு முறிக்கையில டாக்டரக் கேட்டா சாமி பாட்டு பாடச் சொல்லுவாங்க. பாடலன்னா சோறு கெடையாது." அக்காளைப் பார்த்தான். "அம்மா பாடுன பாட்டுக்கா. இப்ப அதக் கேட்டா வாந்தி வருது."

வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்க வந்தாள் அல்லி. செல்லக்கண்ணுவின் தோள் நினைவுக்கு வந்தது. இப்போது இவனைக் கூட்டிப்போய் நாளை இவன் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தால், அது யார் பாவம்? மனதுக்குள் வைத்தியநாதரைக் கூப்பிட்டாள். பதிலுக்கு வந்தது ஒரு சின்னக் குழந்தையின் குரல்தான்.

"மாறா, உனக்கு என்னடா வேணும்?" என்றாள். பிறந்ததிலிருந்து அவனிடம் அவள் கேட்டிராத கேள்வி அது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "வெளிய வந்தா திரும்பத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொல்லாதக்கா. எனக்கே தெரியல. ஆனா ஒரு டாக்டரப் பாக்கணும். அதுக்கு மருந்து இருக்குங்கிறாங்க. அதச் சாப்புட்டுப் பாக்கணும்."

அல்லி எழுந்து போய், தம்பியை அழைத்துப்போவதாகக் கார்த்திகேசனிடம் சொன்னபோது அவன் உண்மையாகவே பதறினான். "அக்கா, இப்ப கூட்டிட்டுப் போனா கொன்னுடுவீங்க. நானும் ஒரு காலத்துல குடிச்சு ரோட்டுல கெடந்தவன். என்னையும் இப்படித்தான் அடைச்சாங்க, அடிச்சாங்க, பாட வெச்சாங்க. இன்னிக்கு உசுரோட நிக்கிறேன். நான் கெட்டவன் இல்லக்கா."

"கெட்டவருன்னு யாரும் சொல்லலைங்க தம்பி" என்றார் ஹஃப்ஸா. சட்டத்தைச் சொன்னார். கூட்டிப்போக விடாவிட்டால் எங்கே எழுதப்போகிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீங்க நல்லாயிட்டீங்க, அல்ஹம்துலில்லாஹ். ஆனா அன்னிக்கு ஒங்களப் புடிச்சு அமுக்குனாங்களே, அது இன்னும் கனவுல வருமா வராதா?"

கார்த்திகேசனின் கை அனிச்சையாகத் தலைக்குப் போய்த் தடவிக்கொண்டது. உள்ளே போனவன் திரும்பி வர நேரமாயிற்று. தடுக்கத்தான் ஆள் கூட்டப்போகிறான் என்று அல்லி பயந்தாள். வந்தபோது அவன் கையில் மாறனின் சட்டையும் கைலியும் இருந்தன. துவைத்து, இஸ்திரி போட்டு, அழகாக மடிக்கப்பட்டிருந்தன.

"எல்லார் துணியையும் நானே துவைச்சுத்தான் வெப்பேன்" என்றான் யாரையும் பார்க்காமல். "போகையில நல்லாப் போகணும்னு." பிறகு பூட்டைத் திறந்தான். ஹஃப்ஸா அவனுக்கு ஸலாம் சொன்னார். உள்ளே இருக்கும் மற்றவர்களுக்காக மறுவாரம் டாக்டரோடு வரப்போவதாகவும் சொன்னார். அவன் திறந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்றான்.

அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா மாறனிடமே எல்லாவற்றையும் கேட்டார். கொஞ்சநாள் படுக்கையில் இருக்கச் சம்மதமா என்றார். அவன் சம்மதம் என்றான். கையெழுத்தும் அவனே போட்டான். பெயர் கோணலாக விழுந்தது. பேனாவை வாங்கிப் போட்டுக்கொடுக்கக் கை நீட்டிய அல்லி, பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது தலையில் முடி குத்திட்டு முளைத்திருந்தது. இனியா தடவிப் பார்த்துவிட்டு, "மாமா இப்ப பலாப்பழம்" என்றாள். சாப்பிடும்போது செல்லக்கண்ணு தன் தட்டிலிருந்த மீனின் நடுத்துண்டை எடுத்து மச்சானின் தட்டில் வைத்தான்.

அல்லி மாடத்திலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்துவந்து தம்பி முன்னால் வைத்தாள். "இது உன்னோடதுடா. நான் கேக்காம எடுத்துட்டேன். என்ன பண்ணணும்னு நீ சொல்லு."

மாறன் அவிழ்த்துப் பார்த்தான். "தென்னைக்குப் போடுக்கா. நல்ல உரமாம்." அப்புறம் சிரித்தான். "நம்ம தென்னைக்கும் போதை ஏறாம இருந்தா சரி." செல்லக்கண்ணுவுக்குப் புரையேறிவிட்டது. கொல்லையில் இனியாதான் குழி தோண்டி மூடினாள். மஞ்சள் துணியை அல்லி அலசிக் காயப்போட்டாள்.

சில நாள் கழித்து, மதியச் சோற்றுக்குப் பிறகு, மாறன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "நெடுங்காடு வரைக்கும் போயிட்டு வர்றேன்க்கா. லாரிக்காரர் ஒருத்தரு வரச் சொல்லியிருக்காரு."

தனியாக அவன் வெளியே போவது இதுதான் முதல் தடவை. எந்த லாரிக்காரர், கூட யார், எப்போது வருவாய் என்று வரிசையாக வந்த கேள்விகளை அல்லி விழுங்கினாள். கூட வருகிறேன் என்ற சொல்லையும் விழுங்கினாள். "மாத்திரை போட்டுட்டியா? ஆஸ்பத்திரி மாத்திரை" என்று மட்டும் கேட்டாள்.

"போட்டாச்சு."

அவன் தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லக்கண்ணு வயலில் இருந்தான், இனியா பள்ளிக்கூடத்தில். தையல் மிஷினில் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க வரவில்லை. எழுந்துபோய்ச் சாமி மாடத்தின் முன் நின்றாள். மாடத்தில் முடிச்சு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவன் குணமாகிவிட்டானா என்று அவளுக்குத் தெரியாது. நெடுங்காட்டிலிருந்து எந்தக் கண்ணோடு திரும்பி வருவான் என்றும் தெரியாது. குணமானால் தருகிறேன் என்றுதான் அன்று பேரம் பேசியிருந்தாள், அதுவும் இன்னொருவன் தலையை வைத்து.

கொண்டையை அவிழ்த்தாள். இடுப்புவரை வந்தது. தலைவாரிவிட்ட காலம் முழுக்க அம்மா யாரையும் வெட்ட விடாத முடி. முன்னால் எடுத்துப் போட்டுப் பின்னினாள். நுனியில் நூலால் கட்டினாள், மேலேயும் ஒரு கட்டு. பிறகு துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து, கழுத்தோடு வைத்து அழுத்தினாள். பின்னல் தடிமனாக இருந்ததால் ஒரே வெட்டில் போகவில்லை. நறநறவென்று விட்டுவிட்டு அறுந்தது. அறுந்த பின்னலைச் சுருட்டி, அலசி வைத்திருந்த மஞ்சள் துணியில் முடிந்து, மாடத்தில் பழைய இடத்திலேயே வைத்தாள். கோயில் மண்டபத்தில் மாறன் சம்மணம் போட்டு உட்கார்ந்தது கண்முன் வந்தது. ஈரத்தரை, அதில் விழுந்த கொத்து முடி, அதைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை. கீழே சிதறியிருந்த துணுக்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்கினாள். முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

வாசற்கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி கல்லை முட்டுக் கொடுத்தாள். மிஷினைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை நூல் கோத்துக்கொண்டது. மிதிக்க ஆரம்பித்தாள். வயல்பக்கமிருந்து வந்த காற்று முந்தானைக்குள் புகுந்து, இதுவரை காற்றுப்படாத அவள் பிடரியைத் தொட்டது. தூரத்தில் நெடுங்காட்டு பஸ் ஒன்று நின்று, யாரையோ இறக்கிவிட்டு, மறுபடி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.